நீலத் தாளைத் தேடி ஒரு ஜூன் மாதம்

ஜூன் 30 கெடு. அபாயகரக் கழிவு ஆண்டறிக்கை, அதாவது படிவம் 4, ஒருவழியாக ஏற்றியாயிற்று. ஒப்புகையை அச்செடுத்துக் கோப்பில் போட்ட பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ், சேஃப்டி, இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) மூன்றையும் ஒரே ஆளாகச் சுமப்பவர்கள் என்னைப் போலப் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனி பெயரும் வேண்டாம், எங்கள் பழைய எண்ணெயை எடுத்த ரீசைக்ளர் (மறுசுழற்சி செய்பவர்) பெயரும் வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த லோடுக்கு அவர்களையே கூப்பிட முடியாது.

படிவத்தில் பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரை என்ன வகைக் கழிவு எவ்வளவு உண்டானது, எங்கே எவ்வளவு போனது, உள்ளேயே எவ்வளவு பயன்படுத்தினீர்கள், வருடக் கடைசியில் கையிருப்பு எவ்வளவு. அவ்வளவுதான். நாங்கள் ரெசின், தின்னர் செய்யும் சின்ன யூனிட். விதிகளின் பட்டியல் எண்படி 5.1 பழைய எண்ணெய், 33.1 காலிப் பேரல், 33.2 துடைத்த துணி, 35.3 ஸ்லட்ஜ் (கழிவுநீரைச் சுத்திகரித்தபின் தங்கும் சேறு) என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வகைகள்தான். உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் "இது எங்கிருந்து வந்தது?" என்று யாராவது கேட்டால் எடுத்துக் காட்டக் காகிதம் வேண்டும். அதில்தான், முக்கியமாக எண்ணெய் லோடு போய்ச் சேர்ந்ததைக் காட்டும் நீலத் தாளில்தான், மாட்டிக்கொண்டேன்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு எல்லாம் ஒரு ஆலோசகர் கையில் இருந்தது. அறிக்கை ஏற்றும் ஆன்லைன் கணக்கே அவருடைய சொந்த மின்னஞ்சலில்தான் தொடங்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டு கேட்டால், "பழைய பாக்கி ஒண்ணு இருக்கு சார், அதை முடிச்சிட்டுப் பேசலாம்" என்றார். பாக்கி எதுவும் இல்லை என்று கணக்குப் பிரிவு ரசீதைக் காட்டியதும் போனையே எடுக்கவில்லை. கடைசியில் கம்பெனி லெட்டர்பேடில் முதலாளி கையெழுத்துடன் கடிதம் கொடுத்து மின்னஞ்சலை மாற்றினோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தரப்பில் இதற்கு எந்த இழுபறியும் இல்லை. உங்கள் கணக்கு யாருடைய மெயிலில், யாருடைய செல் எண்ணில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தனி ஆளின் மெயில் வேண்டவே வேண்டாம். வேலையை விட்டு யார் போனாலும் தொழிற்சாலையோடு தங்கும்படி ஒரு பொது மெயில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்து போன வருட அறிக்கையைத் திறந்தால், 35.3 ஸ்லட்ஜ் கையிருப்பு பூஜ்யம். அதே மார்ச் 31-க்கு, கழிவுக் கணக்கு எழுதும் படிவம் 3 பதிவேட்டில் 1.2 டன். பதிவேட்டை எழுதியவர் எங்கள் பழைய ஸ்டோர்கீப்பர் அண்ணன். எட்டாம் வகுப்புதான் படித்தவர். ஆனால் மூட்டைக்கு மூட்டை எடை போட்டு, தேதி போட்டு, எடைமேடைச் சீட்டைப் பின்னாலேயே ஒட்டி வைத்திருந்தார். ஆலோசகர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது நிச்சயம். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். போன் செய்து நன்றி சொன்னேன். "எதுக்குத் தம்பி, நாளைக்கு யாராச்சும் கேப்பாங்கன்னு ஒட்டினேன்" என்றார்.

ஸ்லட்ஜ் கணக்கு அதோடு தீரவில்லை. தொடக்க இருப்பு 1.2, வருடத்தில் உண்டானது 6.4, அனுப்பியது 5.9. அப்படியானால் 1.7 டன் இருக்க வேண்டும். ஷெட்டில் எடை போட்டால் 1.15 தான். யாரும் திருடிக்கொண்டு போகிற பொருளா அது? விஷயம் ஈரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்தளத்தில் எதுவும் காயாது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தோடு அள்ளி எடை போட்டு எழுதியதெல்லாம் மாசி, பங்குனி வெயிலில் சுருங்கிவிட்டது. பதிவேட்டில் ஈர எடை, லாரியில் ஏறியது காய்ந்த எடை.

இதை மறைக்காமல் வாரியத்தின் உதவிப் பொறியாளரிடம் அப்படியே சொன்னேன். சிரித்துக்கொண்டே, "எல்லா ஃபேக்டரியிலும் இதே கதைதான் சார். தளத்துல இருந்து எடுத்து மூட்டை கட்டும்போது எடை போடுங்க, அதையே ஜெனரேஷனா எழுதுங்க. இந்த வருஷத்துக்கு விளக்கக் கடிதம் ஒண்ணு வச்சிடுங்க" என்றார். விளக்கக் கடிதத்தோடு எடைமேடைச் சீட்டு நகல்களையும் வைத்தேன். எண்ணைத் தட்டிக் கொட்டிச் சரிக்கட்டுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. வேண்டாம். ஒரு வருடம் தட்டினால் அடுத்த வருடத் தொடக்க இருப்பு பல்லை இளிக்கும்.

கையிருப்பை ஜூனில் எண்ணுகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் உண்டானதைக் கழிக்க வேண்டும், அந்த மாதங்களில் போன லோடைக் கூட்ட வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் மார்ச் 31 மாலை ஷெட்டை எடை போட்டு, தேதி தெரியும்படி நாலு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

அலகுக் குழப்பம் இன்னொன்று. காலிப் பேரலுக்கு வாரியம் எங்களுக்குத் தந்த அங்கீகாரத்தில் எண்ணிக்கை, அறிக்கையில் டன். ஆலோசகர் எல்லாப் பேரலையும் 20 கிலோ என்று பெருக்கி வைத்திருந்தார். 200 லிட்டர் இரும்புப் பேரல் சுமார் 17, 18 கிலோ வரும். நீல பிளாஸ்டிக் பேரல் 10 கிலோவுக்குள்தான். இரண்டையும் பிரித்து எண்ணினால் கணிசமான வித்தியாசம். பழைய எண்ணெயும் இதே மாதிரிதான். ரீசைக்ளர் லிட்டரில் வாங்குவார், படிவம் டன் கேட்கும். ஆயிரம் லிட்டரை ஒரு டன் என்று எழுதிவிடாதீர்கள். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, சுமார் 0.9 டன்தான் வரும்.

பேரல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்டில் வந்து நல்ல விலை தருகிறேன் என்பவர்களுக்குக் கழுவாத பேரலைக் கொடுத்துவிடாதீர்கள். அது எங்கோ ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் பிடித்து வைக்கப் போய்ச் சேரும். அனுமதி உள்ளவருக்கு மேனிஃபெஸ்ட் (கழிவோடு போகும் சீட்டு) போட்டு அனுப்பினால் விலை குறைவுதான். போகட்டும்.

இப்போது நீலத் தாளுக்கு வருகிறேன். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி மேனிஃபெஸ்ட், அதாவது படிவம் 10, ஏழு நகல். வெள்ளை நாம் வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சளில் லாரிக்காரர் கையெழுத்து வாங்கி நாமே வைத்துக்கொள்வது. மீதி ஐந்தும் வண்டியோடு போகும். இளஞ்சிவப்பு பெற்றவரிடமே தங்கும். ஆரஞ்சைப் பெற்றவர் லாரிக்காரரிடம் கொடுப்பார். பச்சை அவர் வாரியத்துக்கு அனுப்புவது. நீலம் நமக்குத் திரும்பி வர வேண்டியது. சாம்பல் நிறம், அனுப்பியவர் வெளி மாநிலத்தில் இருந்தால் அந்த மாநில வாரியத்துக்குப் பெற்றவர் அனுப்புவது. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் இருக்கும் புதுச்சேரி நண்பர்கள் தமிழ்நாட்டுக்கு அனுப்பினால் அது போனதா என்றும் விடாமல் கேளுங்கள்.

மஞ்சள் மட்டும் இருந்தால், நம் வாசலை விட்டு எண்ணெய் போனது என்பது வரைக்கும்தான் ஆதாரம். போய்ச் சேர்ந்தது என்று சொல்வது நீலம். எங்கள் கோப்பில் எண்ணெய் லோடு ஒன்றுக்கு நீலம் இல்லை.

செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும் அந்த ரீசைக்ளருக்குப் போன் செய்தேன். எடுத்தவர் டெஸ்பாட்ச் கிளார்க். "நாங்க அன்னைக்கே தபால்ல போட்டாச்சு சார், உங்க போஸ்ட்மேனைக் கேளுங்க." தபால் ரசீது? "அதெல்லாம் வைக்கிறதில்ல." உங்களிடம் இருக்கும் இளஞ்சிவப்பு நகலை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள் என்றேன். "அது எங்க ஆபீஸ் காப்பி. வெளிய தர மாட்டோம்." மெயில் போட்டேன், பதில் இல்லை. சரி, நேரிலேயே போவோம் என்று புதுச்சேரி, திண்டிவனம் வழியாகப் பஸ் மாறிப் போய் நின்றால், மேனேஜர் வெளியூர், சாவி அவரிடம். கிளார்க் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். காகிதம் மட்டும் வரவில்லை. "டிரைவர் உங்ககிட்ட குடுத்திருப்பாரு, நல்லாத் தேடிப் பாருங்க" என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்த வார்த்தை மனதில் உறைத்தது. டிரைவர்! ஆரஞ்சு நகல் அவரிடம்தானே இருக்க வேண்டும்?

லாரி கடலூர் முதுநகர்க்காரர் ஒருவருடையது. உரிமையாளர் வீட்டுக்குப் போனேன். "அந்த மாதிரிக் காகிதம் எதையும் தூக்கிப் போட மாட்டான் நம்ம டிரைவரு, வண்டியிலயே பாருங்க" என்றார். டிரைவர் இருக்கைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கவர். இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்றிதழ், இரண்டு டோல் சீட்டு, நாலாய் மடித்த ஆரஞ்சுத் தாள். ஆயுத பூஜைக் குங்குமம் ஓரத்தில் பட்டிருந்தது. மற்றபடி பெற்றவர் முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. எங்கள் மஞ்சளில் 1.2 டன், அவர்கள் எழுதியது 1.16. அதுவும் தெரிந்தது.

அங்கேயே நின்று படம் எடுத்து, கிளார்க்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூடவே ஒரு வரி: "இந்தத் தேதியில் நீங்கள் பெற்றதற்கு உங்கள் முத்திரை இது. நீலம் வராவிட்டால் இதை இணைத்து, உங்களிடமிருந்து வரவில்லை என்று அறிக்கையோடு கடிதம் வைப்பேன்." அன்று மாலையே இளஞ்சிவப்பு நகல் ஸ்கேன் ஆகி வந்தது, முத்திரையோடு. சாவி எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது கேட்டில் இருந்த பலகை கண்ணில் பட்டது. 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வந்த பலகை இது. என்ன அபாயகர ரசாயனம் எவ்வளவு வைத்திருக்கிறோம், என்ன கழிவு எவ்வளவு என்று ஊரார் படிக்கும்படி வாசலில் எழுதி வைப்பது. எங்கள் பலகையில் "சேமிப்பு: டொலுவின் 180 டன்" என்று இருந்தது. அது ஒரு வருடத்தில் நாங்கள் பயன்படுத்தும் அளவு. ஒரே நேரத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே இருக்காது, எங்கள் உரிமமும் அதற்கு இல்லை. டொலுவின் தீப்பற்று நிலை 23 டிகிரிக்குக் கீழே உள்ள ஏ வகுப்புப் பெட்ரோலியம். உரிமத்தில் எழுதிய அளவைத் தாண்டி ஒரு பேரல்கூட வைக்க முடியாது. இதுவும் ஆலோசகரின் கைவண்ணம்தான். 1989 வேதிப்பொருள் விதிகளில் வரம்பு பார்ப்பதும் ஒரே நேரத்தில் இருக்கும் உச்ச அளவை வைத்துத்தான். கிளோரினுக்கு 10 டன் என்றால் ஒரே சமயத்தில் வளாகத்தில் 10 டன், வருடம் முழுக்க வாங்கியது அல்ல. இரண்டையும் குழப்பினால் சின்ன யூனிட்டைக் காகிதத்தில் நீங்களே பெரிய ஆபத்துத் தொழிற்சாலையாக்கிவிடுவீர்கள்.

பெயின்டர் வந்து பழைய எண்ணை அழித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊரான குடிகாட்டுப் பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நூத்தியெண்பதைக் கொறைச்சிட்டீங்களா தம்பி?" என்றார். குறைக்கவில்லை ஐயா, முன்னாடி தப்பாக எழுதியிருந்தார்கள் என்றேன். "நாங்க அதைத்தான் இத்தனை வருஷமா படிச்சிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகள் கேட்ட எந்தக் கேள்வியும் எனக்கு இப்படி வலிக்கவில்லை.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். கழிவை 90 நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. வருடத்துக்கு 10 டன் வரை உள்ள சிறு யூனிட்களுக்கு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பேரல் லேபிள் பளிச்சிடும் மஞ்சளில், எச்சரிக்கை வார்த்தைகள் சிவப்பில், இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் இருக்க வேண்டும். மழையில் கரையாததாகப் பாருங்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிய எங்கள் லேபிள்கள் முதல் மழைக்கே வெள்ளைத் தாளாகிவிட்டன. ஜூன் கடைசி வாரம் வரை காத்திருந்து ஏற்றாதீர்கள், எல்லோரும் அப்போதுதான் உட்காருவார்கள்.

அறிக்கையை ஏற்றியது பத்து நிமிட வேலை.

அடுத்த எண்ணெய் லோடு ஆடி கழிந்து போகிறது, அதே ரீசைக்ளருக்குத்தான். செக்யூரிட்டியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்: போன லோடின் நீலத் தாள் என் கைக்கு வராமல் அடுத்த வண்டிக்கு கேட் பாஸ் கிடையாது. லாரி வாடகையும் ஆரஞ்சு நகலின் ஜெராக்ஸைக் கொடுத்த பிறகுதான். உரிமையாளர் முதலில் முகம் சுளித்தார். அந்தப் பிளாஸ்டிக் கவரை ஞாபகப்படுத்தியதும் சரி என்றார்.