10 லட்சம் மானியமும் முடியில்லாத ஆட்டுக்குக் கம்பளிக் கணக்கும்

'100 பெட்டை, 5 கிடா, 10 லட்சம் மானியம்' என்று வாட்ஸாப்பில் சுற்றும் சேதி பொய்யில்லை. ஒன்றிய அரசின் தேசியக் கால்நடை இயக்கத்தில் இருக்கும் ஆட்டுப் பண்ணைத் திட்டம்தான். செலவில் பாதியை அரசு தரும். 500 பெட்டை, 25 கிடா என்று போனால் 50 லட்சம் வரைக்கும் உண்டு. சேதியில் விட்டுப்போனது ஒன்றுதான். வங்கிக் கடனில் போனால், அந்தப் பணம் இறங்கினால்தான் மானியம் அசையும். அதுவும் இரண்டு தவணையாக.

இதற்கு விண்ணப்பிக்கும் உத்யமிமித்ரா இணையதளத்தில் பதிவு செய்ய ஒரு புரோக்கரைப் பிடித்தேன். முதல் தப்பு. தன் செல்போன் எண்ணையே கொடுத்துப் பதிந்துவிட்டார். ஓடிபி ஒவ்வொன்றுக்கும் அவருக்குப் போன் போட வேண்டும். மனுஷன் பாதி நாள் எடுக்கவே மாட்டார். பதிவை நீங்களே செய்யுங்கள். இல்லை, பக்கத்தில் உட்கார்ந்தாவது பாருங்கள்.

திட்ட அறிக்கையும் அவர் தந்ததுதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பம் திரும்பி வந்த பிறகு கால்நடை மருத்துவரிடம் காட்டினால், மூன்றாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டார். வருஷ வருமானத்தில் 'கம்பளி விற்பனை' என்று ஒரு வரி! நான் வாங்கப்போவது மேச்சேரி ஆடு. உடம்பில் குறுமுடிதான், கறிக்கும் தோலுக்கும்தான் அதற்குப் பேர். எந்த ஊர் அறிக்கையையோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். மருத்துவரே உட்கார்ந்து கணக்கைத் திருத்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அடுத்தது நிலம். அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. "தனிப் பட்டா கொண்டாங்க" என்பதோடு வங்கியில் முடித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை என்று கிளம்பினால் ஆடு குட்டி போட்டுப் பேரன் எடுத்துவிடும். குத்தகை நிலமும் செல்லும் என்பதை வங்கியில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அதையும் மருத்துவர்தான் சொன்னார். சித்தப்பாவைச் சரிக்கட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. அவர் பங்கை 5 வருஷக் குத்தகையாகப் பதிவு செய்து கொண்டுபோனால், "கடன் 7 வருஷம், குத்தகை 5 வருஷமா?" என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி சித்தப்பா, மறுபடி முத்திரைத்தாள் செலவு. கடன் எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொண்டு பத்திரம் எழுதுங்கள்.

பயிற்சிச் சான்று, ஆதார், பான், ரத்து செய்த காசோலை எல்லாம் வம்பில்லாமல் முடிந்தன. கொட்டகையும் எழும்பியது.

ஆடு வாங்கப் போனபோது வங்கி பில் கேட்டது. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வியாபாரியிடம் ரசீது கேட்டேன். கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "ஏனுங்க, நான் என்ன நகைக்கடையா வெச்சிருக்கேன்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. கடைசியில் ஒரு பண்ணைக்காரரிடம் உருப்படிக்கு 500 ரூபாய் கூட வைத்து, வங்கி வழியாகப் பணம் போட்டு, கையெழுத்தோடு ரசீது வாங்கினேன். வலித்தது. ஆனால் அந்த ரசீதை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

ஆய்வுக்கு வந்தவர்கள் ஆட்டின் காதில் மாட்டிய அடையாளத் தோட்டின் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். 104 வரை சரி. நூற்றைந்தாவது, தீவனத் தொட்டிக்குப் பின்னால் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு வேர்த்த வேர்வை!

முதல் தவணை 5 லட்சம் போன மாதம் வங்கிக்கு வந்துவிட்டது. குறுஞ்செய்தியை வீட்டுக்காரியிடம் இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மீதிக்கு இன்னொரு ஆய்வு பாக்கி. அதுவரை வட்டி என் கணக்கில்.

நேற்று ஒரு கிடா கம்பிவேலியில் காதை மாட்டித் தோட்டைப் பிய்த்துக்கொண்டது. தோடு இல்லாமல் செத்தால் காப்பீடும் கிடையாது. காலையில் மருத்துவருக்குப் போன் போட வேண்டும்.