ஜே கே பி ஓ செமிகோலன்

கொருக்குப்பேட்டைல இருந்து எழுதறேன். பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா எனக்கு, பார்வை கொஞ்சம் கொஞ்சமா போற கண்ணு நோய், பத்தாவது வரைக்கும் பெரிய எழுத்துன்னா எப்படியோ சமாளிச்சேன், காலேஜ் வர்றப்ப பேப்பர்ல எதுவுமே தெரியல.

லேப்டாப் ஒண்ணு கெடச்சா போதும்னு நெனச்சேன். அது ஈஸியாவே கெடச்சுது, மாமா பழசு ஒண்ண குடுத்துட்டாரு, ஸ்கிரீன்ல இருக்கறத சத்தமா படிச்சுக் காட்டற என்விடிஏ ஸ்கிரீன் ரீடருக்கு காசே இல்ல, ஒரே சாயங்காலத்துல போட்டாச்சு. அதுலயே வர்ற இ-ஸ்பீக் தமிழ்க் குரல் தகர டப்பால கல்லு போட்டு குலுக்கற மாதிரி இருக்கும். அப்புறம் விண்டோஸ்ல தமிழ் வாய்ஸ் இறக்கினேன், ஒரு ஆம்பளக் குரல், பேரு வள்ளுவர். ராத்திரில வள்ளுவர் பேசறத கேட்டுட்டு எங்கம்மா "யாருடா வந்துருக்கறது"ன்னு எழுந்து வந்துச்சு.

பிரச்சனை நோட்ஸ்ல. சீனியருங்க அனுப்பின பிடிஎஃப்ப தொறந்தா வாய்க்குள்ள நுழையாத ஏதோ இங்கிலீஷ் சத்தம். சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வாட்டி தூக்கிட்டு திரும்பப் போட்டேன், அதுலயே ஒரு வாரம் போச்சு. கடைசில ஆரோ கீய ஒவ்வொண்ணா தட்டி தலைப்ப கேட்டா ஜே, கே, பி, ஓ, செமிகோலன். பக்கத்துல இருந்த ஃப்ரெண்டு பாத்துட்டு, "மச்சான், தமிழ்னுதான்டா போட்டுருக்கு"ன்னான்.

அப்பதான் புரிஞ்சுது, அது பாமினி ஃபான்ட். உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்து, மேல தமிழ் சட்டை மாட்டி விட்டுருக்காங்க, கண்ணு இருக்கறவங்களுக்கு சட்டை தெரியும், ஸ்கிரீன் ரீடருக்கு உள்ள இருக்கற ஆளுதான் தெரியும். தமிழ் எழுத்த உள்ளயும் தமிழாவே வெச்சுக்கற யூனிகோட்லதான் டைப் பண்ணணும்னு 2010லயே தமிழ்நாடு அரசு சொல்லியாச்சு, டிடிபி கடைங்களுக்கு அந்தத் தகவல் இன்னும் போய் சேரல போல.

நோட்ஸ் டைப் பண்ண கடை வண்ணாரப்பேட்டைல. போய் சொன்னா அந்த அக்கா, "இன்னாபா, எழுத்து நல்லாத்தான கீது?"ன்னாங்க. லேப்டாப்ப அங்கயே தொறந்து சத்தமா படிக்க விட்டேன். ஒரு நிமிஷம் கேட்டுட்டு, "ஐய, என்னாது இது"ன்னு சிரிச்சுட்டு, டைப் பண்ண ஒரிஜினல் ஃபைல பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க, காசு வாங்கல. என்எச்எம் கன்வர்ட்டர்ல பாமினின்னு செலக்ட் பண்ணி யூனிகோடா மாத்தினேன், அஞ்சு நிமிஷ வேலை. 1857 மாதிரி வருஷ நம்பரெல்லாம் அப்படியே வந்துடும், ஆனா நடுவுல இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அது தமிழ்க் குப்பையா மாறிடும், அத கையாலதான் சரி பண்ணணும்.

ஸ்கேன் பண்ண பக்கம்னா கூகுள் டிரைவ்ல ஏத்தி டாக்ஸா தொறந்தா எழுத்தா மாத்திக் குடுக்குது, தமிழும் பரவால்ல, ஜெராக்ஸோட ஜெராக்ஸுக்கு மட்டும் கைய விரிச்சுடும்.

பரீட்சைக்கு ஸ்கிரைப், அதாவது நான் சொல்லச் சொல்ல எழுதற ஆள். மணிக்கு 20 நிமிஷம் கூடுதல், அதாவது 3 மணி நேரப் பேப்பருக்கு இன்னும் 1 மணி நேரம். "அப்படில்லாம் ரூல் இல்லப்பா"ன்னு ஒருத்தர் சொன்னாரு, 2018 மத்திய அரசு வழிகாட்டுதல பிரின்ட் எடுத்துட்டே போயிருந்தேன், நீட்டினேன், வாங்கிப் படிச்சுட்டு பேசாம உள்ள போயிட்டாரு.

கையெழுத்து நோட்ஸுக்குத்தான் இன்னும் வழி கெடைக்கல. தங்கச்சி படிச்சு வாய்ஸ் மெசேஜா அனுப்புது, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல வீடுங்கறதால 4ஆவது யூனிட் பூரா கூட்ஸ் வண்டி சத்தம், "அண்ணா இருண்ணா, வண்டி போட்டும்"னு அதுவும் ரெக்கார்டு ஆயிருக்கு.