ஃப்ரைபுர்க்கில் ஒரு மாத ஜெர்மன் வகுப்பு: மதியம் ஒரு மணிக்கு மேல் என்ன செய்வது

ஜெர்மனியில் கோடைக்கால மொழி வகுப்பு என்றால் வாரத்துக்கு 25 பாடவேளை என்று போட்டிருப்பார்கள். ஒரு பாடவேளை 45 நிமிடம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 18 மணி 45 நிமிடம். காலை ஒன்பதுக்குத் தொடங்கி, நடுவில் சின்ன இடைவேளை விட்டு, மதியம் ஒரு மணி வாக்கில் முடித்துவிடுவார்கள். மீதி நேரம் முழுக்க உங்கள் கையில்தான். நாலு வாரத்தில் வாய் திறந்து பேசப் பழகியவர்களையும், இலக்கணப் பயிற்சித்தாளை நிரப்பிவிட்டு ஊர் திரும்பியவர்களையும் பிரிப்பது இந்த மதியத்துக்கு மேலான நேரம்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தப் பதிவு பாடநூலைப் பற்றியது அல்ல. ஃப்ரைபுர்க்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மற்ற பல்கலைக்கழக ஊர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் அறை. ஜெர்மனியில் கோடைப் பருவ வகுப்புகள் ஜூலை கடைசியோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் உள்ளூர் மாணவர்கள் ஊருக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள். இதில் ஒரு நன்மை, ஒரு தீமை. அவர்கள் காலி செய்யும் அறைகள் ஒரு மாத உள்வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் பேச்சுத்துணைக்கு மாணவர்கள் குறைவு. வகுப்பை நடத்துபவர்களே மாணவர் விடுதியில் அறை பிடித்துத் தந்தால், பாதுகாப்புக்கு அதுதான் நல்லது. ஆனால் அந்த மாடி முழுக்க உங்கள் வகுப்பு ஆட்களே இருப்பார்கள்; இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பொது மொழி ஆங்கிலமாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் இருக்கும் பகிர்வு வீட்டில் ஒரு அறை கிடைத்தால் மொழிக்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை. வீடியோ அழைப்பில் அறையையும் சமையலறையையும் காட்டச் சொல்லுங்கள். சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முன்பணம் போடு என்று யாராவது சொன்னால் அது மோசடி, அங்கேயே விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர் மூன்று மாதத்துக்குக் குறைவாகத் தங்கினால் நகர அலுவலகத்தில் முகவரி பதியத் தேவையில்லை. எனவே ஒரு மாத வகுப்புக்காக அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 90 நாளுக்கு உட்பட்ட வகுப்புக்கு ஷெங்கன் விசா போதும். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் விண்ணப்பம் கொடுக்க நேரம் முன்பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் அப்படியே அங்கே பட்டப்படிப்பில் சேர்ந்துவிடலாம் என்று இந்த விசாவில் போகாதீர்கள். பொதுவாக ஊர் திரும்பி வேறு விசா எடுத்துத்தான் மறுபடி போக வேண்டியிருக்கும்.

முதல் நாளோ அதற்கு முன்பே இணையத்திலோ தரம் பிரிக்கும் தேர்வு நடக்கும். பல இடங்களில் அது சி-டெஸ்ட் வகை: சின்னச் சின்னப் பத்திகள், முதல் வாக்கியம் முழுசாக இருக்கும், இரண்டாவது வாக்கியத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதி வெட்டப்பட்டிருக்கும். ஆன்செட் என்ற தேர்வில் இப்படி எட்டுப் பத்தி, பத்திக்கு 20 இடைவெளி, பத்திக்கு ஐந்து நிமிடம். நம் ஊரில் ஜெர்மன் படித்தவர்கள் இதில் நன்றாகவே எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் சொல்லின் கடைசி விகுதிகளை நாம் எழுதி எழுதிப் பழகியிருக்கிறோம். விளைவு, தாளில் பி1 என்ற இடைநிலைத் தரம் வந்துவிடும். காதும் வாயும் அதற்கு ஒரு படி கீழே ஏ2-வில் நிற்கும். இரண்டு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் சொல்லும் வேலை என்ன என்பதே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் புரிகிறது என்றால் மூன்றாம் நாளே ஒரு படி கீழே மாற்றிக் கேளுங்கள். முதல் வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் மாற்ற மாட்டார்கள். கீழ் வகுப்பில் வாய் நிறையப் பேசுவது, மேல் வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இனி முக்கியமான விஷயம். ஜெர்மனியில் நீங்கள் ஜெர்மனில் தொடங்கினாலும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார் என்ற குறை எல்லோரிடமும் உண்டு. பலரும் தங்கள் இலக்கணப் பிழையைத்தான் காரணமாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்களை மாற வைப்பது நம் தயக்கம். ரொட்டிக்கடையில் நின்று 'இஷ் ஹெட்டெ கெர்ன்', அதாவது 'எனக்கு இது வேண்டும்' என்று மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சரியாகச் சொல்லிவிடுவோம். அடுத்த நொடி கடைக்காரம்மா 'ஸொன்ஸ்ட் நொஹ் வாஸ்?' என்று கேட்பார், அதாவது வேறு ஏதாவது வேண்டுமா என்று. அங்கே இரண்டு விநாடி விழித்தால் போதும், ஆங்கிலம் வந்துவிடும். ஆகவே நீங்கள் சொல்லப் போகும் வாக்கியத்தைவிட, அவர் கேட்கப் போகும் கேள்விகளைத் தயார் செய்யுங்கள். ரொட்டிக்கடையில் அவை மூன்று நாலுதான்: வேறு ஏதாவது வேண்டுமா, இங்கே சாப்பிடவா எடுத்துப்போகவா, அட்டையா ரொக்கமா, ரசீது வேண்டுமா. மென்ஸா என்ற பல்கலைக்கழக உணவகம், தபால் நிலையம், டிராம் டிக்கெட் முகப்பு என்று ஒவ்வொரு இடத்துக்கும் இப்படி ஒரு சின்னத் தொகுப்பு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துவிட்டு, பிறகு உங்கள் முறைக்கு நில்லுங்கள்.

விலையைக் காதால் பிடிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஜெர்மனில் 47 என்பது 'ஏழும் நாற்பதும்' என்ற வரிசையில் வரும். கேட்டதைக் கேட்டபடி எழுதினால் 74 ஆகிவிடும். வகுப்புத் தோழர் ஒருவரோடு தினம் ஐந்து நிமிடம், ஒருவர் தொலைபேசி எண்ணோ விலையோ சொல்ல மற்றவர் எழுதுவது என்று செய்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

இதற்கெல்லாம் ஃப்ரைபுர்க்கில் நல்ல பள்ளிக்கூடம், மின்ஸ்டர் என்ற பெரிய தேவாலயத்தைச் சுற்றி இருக்கும் மின்ஸ்டர் சந்தை. ஞாயிறு தவிர தினமும் காலையில் கூடும். வடக்குப் பக்கம் சுற்றுவட்டார விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். தெற்குப் பக்கம் வியாபாரிகள். வடக்குப் பக்கம் போங்கள். வயதான விற்பனையாளர்கள் அவசரமில்லாமல் பேசுவார்கள், ஆங்கிலத்துக்கு எளிதில் தாவ மாட்டார்கள். அவர்கள் பேச்சில் அலெமான்னிக் வட்டார வழக்கு கலந்திருக்கும். முதல் நாள் ஒன்றுமே புரியாவிட்டால் பயப்பட வேண்டாம், பாடநூல் ஜெர்மனில் பதில் சொன்னால் அவர்களும் அதற்கு இறங்கி வருவார்கள். வகுப்பு ஒரு மணிக்கு விட்டால் நேராக ஓட வேண்டும், ஒன்றரை வாக்கில் கடை கட்டத் தொடங்கிவிடுவார்கள். கையில் சில்லறை ரொக்கம் இருக்கட்டும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் சில சாதகங்கள் உண்டு. குறில் நெடில் வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே வந்தது. 'ஷ்டட்' என்றால் நகரம், 'ஷ்டாட்' என்றால் அரசு என்பதை நம் காது முதல் நாளே பிரித்துவிடும். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் நமக்குப் புதிதல்ல. இடறும் இடங்கள் வேறு. மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின்னால் நம்மை அறியாமல் ஒரு குற்றியலுகரம் ஒட்டிக்கொள்ளும். அதைக் கண்டிப்பாக வெட்ட வேண்டும். சொல் கடைசியில் g என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் k போல 'க்' என்று அழுத்தித்தான் ஒலிப்பார்கள். இரட்டைப் புள்ளி போட்ட ஊகாரத்துக்கு (ü) 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவியுங்கள், வந்துவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் டெர், டீ, டாஸ் போன்றவற்றை விழுங்கிவிடுவது. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், அதனால் நாம் சொல்லின் வாலைக் கவனிக்கிறோம். ஜெர்மனில் வேற்றுமை பெரும்பாலும் முன்னால் வரும் இந்தச் சின்னச் சொல்லில்தான் தெரியும். அதை முணுமுணுத்தால் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும். மதிய நேரத்தில் உச்சரிப்பு வகுப்பு தனியாக இருந்தால், பண்பாட்டு வகுப்பை விட்டாவது அதில் சேருங்கள்.

சாப்பாடு. மதியத்துக்கு மென்ஸாதான் மலிவு. பணம் ஏற்றிய அட்டையைக் காட்டித்தான் பணம் செலுத்துவது வழக்கம், எனவே முதல் நாளே அட்டை வாங்கிவிடுங்கள். மாணவர் விலை கிடைக்க வகுப்புச் சான்று கேட்கலாம். விடுமுறைக் காலத்தில் சில மென்ஸாக்கள் மூடியிருக்கும் அல்லது சீக்கிரம் மூடும். சைவம், வீகன் என்று பலகையில் குறி இருக்கும். இரவுக்குச் சமைப்பதானால் குக்கர் தூக்கிப் போக வேண்டாம். இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியப் பாத்திரம் வேலை செய்யாது. கண்ணாடித் தட்டு மின்னடுப்பில் உருண்டை அடி வாணலி நிற்காது. எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் 'ரோட்டெ லின்ஸன்' என்று மைசூர்ப் பருப்பு கிடைக்கும், குக்கர் இல்லாமலே பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். தயிருக்கு 3.5 சதவீதக் கொழுப்புள்ள 'நட்டூர்யோகுர்ட்' எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'க்வார்க்' வேறு பண்டம், மோருக்கு ஆகாது. தாளிக்கும் முன் சன்னலைத் திறந்து புகைபோக்கியைப் போட்டுவிடுங்கள். விடுதியில் புகை உணரி அலறித் தீயணைப்பு வண்டி வந்தால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அரிசி, பால், மாத்திரை எல்லாம் சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும். மாத்திரை என்றதும் ஒன்று: பாராசிட்டமால்கூட 'அப்போடேகெ' என்ற மருந்துக்கடையில் மட்டும்தான் விற்பார்கள். டிஎம், ரோஸ்மான் போன்ற கடைகளில் சோப்பும் வைட்டமினும்தான். அவசரத்துக்கு 112, இரவிலோ வார இறுதியிலோ காய்ச்சல் என்றால் 116117.

பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் கசக்காதீர்கள். பெரும்பாலானவற்றில் 25 சென்ட் உங்கள் முன்பணம் இருக்கிறது, பட்டைக்கோடு கிழிந்தாலோ நசுங்கினாலோ கடையில் காலிப் பாட்டிலைத் திரும்ப எடுக்கும் இயந்திரம் வாங்காது. வெளியே வரும் சீட்டை அதே கடையின் கல்லாவில் கொடுக்க வேண்டும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம் என்பதால் பாட்டில் வாங்கும் தேவையே குறைவு.

பயணத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் விதிகளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2023 மே மாதத்தில் 49 யூரோவில் தொடங்கியது 2026 ஜனவரி முதல் 63 யூரோ. இது சந்தா, அந்த மாதம் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போகும். நாள்காட்டி மாதத்துக்குத்தான் செல்லும், ஆகஸ்டு நடுவில் தொடங்கிச் செப்டம்பர் நடுவில் முடியும் வகுப்பென்றால் இரண்டு மாதப் பணம் கட்ட வேண்டியிருக்கும். அப்போது உள்ளூர் டிராம் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வகுப்புக் கட்டணத்திலேயே போக்குவரத்து அட்டை சேர்ந்திருக்கிறதா என்றும் முதலில் கேளுங்கள். இந்த டிக்கெட்டில் வட்டார ரயில், டிராம், பேருந்து எல்லாம் ஏறலாம். ஐசிஇ, ஐசி விரைவு ரயில்களில் ஏற முடியாது. டிக்கெட் இல்லாமலோ, முத்திரை குத்த வேண்டிய சீட்டில் குத்தாமலோ பிடிபட்டால் 60 யூரோ.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு சோர்வு வரும். முதல் வாரம் ஓடிய வாய் திடீரென்று ஓடாது, தெரிந்த சொல்லும் வராது. நாள் முழுக்க அன்னிய மொழியைக் கேட்கும் மூளைக்குத் தூக்கம் போதாததும் ஒரு காரணம். ஜூலையில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அறையில் ஏசி கிடையாது, பெரும்பாலும் மின்விசிறியும் கிடையாது. ஃப்ரைபுர்க் வெயிலான ஊர் வேறு. காலையில் வெளியே போகும்போது சன்னலை மூடிச் சுருள் கதவை இறக்கிவிட்டுப் போங்கள், இரவு குளிர்ந்த பிறகு திறங்கள். அந்த இரண்டு மூன்று நாள் புதுப்பாடம் எதையும் தொடாமல், ஏற்கனவே படித்த ஒலிப்பதிவையே மறுபடி கேட்டுக்கொண்டு ட்ரைஸாம் ஆற்றங்கரையில் நடந்தால் போதும். அந்த நேரத்தில் வீட்டோடு இரண்டு மணி நேரம் தொலைபேசியில் இருப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நம் ஊருக்கும் அங்கும் மூன்றரை மணி வித்தியாசம், நாம் முன்னால். வகுப்பு விட்டதும் பேசினால் அம்மாவுக்கு மாலை நாலரை, இருவருக்கும் வசதி, இரவு ஜெர்மனுக்கு மிஞ்சும்.

கிளம்பும் முன் சான்றிதழைச் சரிபாருங்கள். எந்தத் தரம், மொத்தம் எத்தனை பாடவேளை, தேர்வு எழுதினீர்களா அல்லது வருகை மட்டுமா, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடத்துக்குத் தரும் ஈசிடிஎஸ் புள்ளி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் கல்லூரியில் மதிப்பெண்ணாகச் சேர்ப்பதற்குப் பாடவேளை எண்ணிக்கை இல்லாத தாள் பயன்படாது. பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள்; முன்னெழுத்தைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடும் குழப்பம் நமக்கு அடிக்கடி நடக்கும். திருத்தம் கேட்பதானால் வியாழக்கிழமைக்குள் கேளுங்கள், வெள்ளி மதியத்துக்கு மேல் பல அலுவலகங்களில் ஆள் இருக்காது.