கூழ்த் துடுப்பு: விறகுக் கட்டையே போதும்

ஆடி பிறந்தால் வேலூர், ஆரணி, ஆற்காடு பக்கம் அம்மன் கோயில்களில் கூழ் அண்டா அடுப்பேறிவிடும். கேழ்வரகு மாவு புளிக்க ஓர் இரவு போதும். கூழ் கிண்டும் துடுப்புக்கான மரம் காயத்தான் மாதங்கள் ஆகும். ஆடிக்குத் துடுப்பு வேண்டுமென்றால் தை, மாசியிலேயே கட்டையைப் பிடித்துவிடுங்கள்.

விறகுத் தொட்டியில் எடைக்குப் போடும் கட்டையே போதும். பூவரசு செதுக்கச் சுலபம், இழையும் நெருக்கம். புளி நன்றாக உழைக்கும். ஆனால் இழை பின்னிக் கிடப்பதால் நேராகப் பிளக்காது, கை பழகியபின் எடுங்கள். வேம்பில் முதலில் கசப்பு இறங்கும். அரளி நஞ்சு, தொடவே வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் சரக்கு அடுக்கி ஏற்றும் பழைய மரத்தட்டு, அதாவது பேலட் பலகை, மலிவாகக் கிடைக்கும். தோல் ரசாயன மூட்டை ஏறி இறங்கிய பலகையில் என்ன ஊறியிருக்கிறது என்று யார் சொல்வது? ‘எச்.டி.’ (HT) முத்திரை வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. எச்.டி. இருந்தாலும் கறை படிந்திருந்தால் அது சாப்பாட்டுக்கு ஆகாது.

ஆறு அங்குல விட்டமுள்ள, முடிச்சில்லாத பச்சைக் கட்டையை இரண்டரை அடிக்கு வெட்டி, கோடாலியும் ஆப்பும் வைத்து நடுவே பிளக்க வேண்டும். பிளந்தால் நார் முழு நீளத்துக்கும் ஓடும். ரம்பத்தால் அறுத்தால் சில இடங்களில் நார் குறுக்கே வெட்டுப்படும், பின்னாளில் அங்கேதான் முறியும். நடுக்குருத்தையும் அதை ஒட்டிய அரை அங்குலத்தையும் ஒதுக்கிவிடுங்கள். வளையத்தை ஒட்டிய திசையில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. குருத்தோடு காயும் கட்டை வெடிப்பது அதனால்தான். பட்டையை ஒட்டிய வெண்மரமும் வேண்டாம், சீக்கிரம் உளுத்துவிடும்.

பச்சையிலேயே கால் அங்குலம் கூடுதலாக விட்டு உருவம் செதுக்குங்கள். இரு முனையையும் உருக்கிய மெழுகுவர்த்தியில் தோய்த்து, சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். மரத்தின் ஈரம் முனை வழியாகத்தான் வேகமாகப் போகும். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் சில நாளிலேயே முனை பிளந்துவிடும். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது.

ஐந்து லிட்டர் பானைக்கு இரண்டடித் துடுப்பு சரி. தட்டுப் பகுதி எட்டு அங்குல நீளம், இரண்டரை அகலம். நடுவில் அரை அங்குலமும் ஓரத்தில் கால் அங்குலமும் தடிமன். பிடி ஒன்றேகால் அங்குலம். பிடியும் தட்டும் சேரும் கழுத்தில் நான்கு அங்குலத்துக்குச் சரிவாக இறக்குங்கள்; அங்கே செங்குத்தாக வெட்டு விழுந்தால் கெட்டிக் களி கிண்டும்போது படக்கென்று போய்விடும். நுனிக்குப் பானையின் உள்வளைவு வேண்டும். அட்டையைப் பானைக்குள் வைத்து, வளைவு பொருந்தும்வரை கத்தரித்து, அதை நுனியில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். நுனி தட்டையாக இருந்தால் அடியில் ஒரு வட்டம் துடுப்புக்கு எட்டாமல் நிற்கும், கூழ் அங்கேதான் அடிப்பிடிக்கும்.

உப்புத்தாள் 80, 120, 220 என்று வரிசையாகத் தேயுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 220-ல் மறுபடி ஒரு கை. வார்னிஷ் கூடாது. கடலை எண்ணெய் பூசினால் சிக்கு வாடை அடிக்கும். எதுவும் பூசாமல், நிறமும் கசப்பும் இறங்குவது நிற்கும்வரை வெந்நீர் மாற்றி மாற்றி ஊற வைத்தால் போதும்.

புளிக்கிற மாவுக்குள் துடுப்பை இரவெல்லாம் விட்டுவைக்காதீர்கள். உப்பிச் சுருங்கி மயிரிழை வெடிப்பு வரும். அதில் தங்கும் பழைய மாவு அடுத்த மாவைக் கெட்ட வாடையோடு புளிக்க வைக்கும். தேங்காய் நாரும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, தட்டு மேலே இருக்கும்படி காற்றில் நிறுத்துங்கள். வெடிப்பில் கறுப்புக் கோடு தெரிந்தால் இழைத்துப் பாருங்கள். கோடு உள்ளே போகிறதென்றால் பசை வைத்து அடைக்க வேண்டாம், அதை அடுப்புக்குப் போட்டுவிட்டு அடுத்த கட்டையை எடுங்கள்.