கட்டத்த சின்னதாக்குனா கணக்கு சரியாயிடுமா? (கண்மாய் மேப், மூணாவது வாரம்)

நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு சொல்வாங்கல்ல, அந்த ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயத்தான் 1:50,000 டோப்போஷீட்ட (மேடு பள்ளம், நீர்நிலையெல்லாம் காட்டுற அளவை மேப்) ஸ்கேன் பண்ணி கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல வரைஞ்சிட்டு இருக்கேன். போன வாரம் பாலிகன் (கரையச் சுத்தி கோடு போட்ட மூடுன வடிவம்) முடிஞ்சுது, இந்த வாரம் அத ராஸ்டரா, அதாவது சதுரக் கட்டங்களா மாத்துனேன், மொதல்ல 100 மீட்டர் கட்டம், அப்புறம் 50, அப்புறம் 10.

பரப்பளவு பயந்த மாதிரி இல்ல, 100 மீட்டர்லயே பாலிகன் கணக்குக்குப் பக்கத்துல வந்துடுச்சு. அடி வாங்குனது வரத்துக் கால்வாய்ல. 50 மீட்டர்ல பாத்தா கோலப்புள்ளி மாதிரி அங்கொண்ணு இங்கொண்ணா நிக்குது, ஏன்னா கட்டத்தோட நடுப்புள்ளி பாலிகனுக்குள்ள விழுந்தாதான் அந்தக் கட்டம் சேரும், ஒல்லிக் கால்வாய்ல அது எங்க விழுறது. தொட்ட கட்டத்தையெல்லாம் சேத்துக்கோன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதப் போட்டேன், கால்வாய் ஒட்டிக்கிச்சு, கண்மாய் உப்பிப்போச்சு 😀

சுத்தளவுதான் மண்டைய காயவச்சுது. பாலிகன்ல வந்தத விட ராஸ்டர்ல ரொம்ப அதிகம், சரி கட்டம் பெருசுன்னு 10 மீட்டருக்கு இறக்குனா லேப்டாப் ஃபேன் கத்துனதுதான் மிச்சம் (100 மீட்டர்ல இருந்தத விட கட்டத்தோட எண்ணிக்கை 100 மடங்கு ஆயிடுதே), கரை நீளம் அப்பவும் எறங்கல.

கண்மாய ஓரமா வச்சிட்டு 1 கிலோமீட்டர் விட்டத்துல ஒரு வட்டம் போட்டேன். நெஜப் பரப்பு 78.5 ஹெக்டேர், வட்டத்தோட மையத்துல நாலு கட்டம் சேர்ற மாதிரி 100 மீட்டர் கிரிட் வச்சா 80 கட்டம், அதாவது 80 ஹெக்டேர், பரவால்ல. சுத்தளவு 3.14 கிலோமீட்டர் வரணும், வந்தது 4. 10 மீட்டர்லயும் அதே 4! அப்பத்தான் உறைச்சுது, படிக்கட்ட எவ்வளவு சின்னதா வெட்டுனாலும் மேல போற தூரமும் பக்கவாட்டுல போற தூரமும் கூட்டுனா அதேதான, சரிவு நீளம் எப்படி வரும்.

இன்னொண்ணு, ஷீட்ல கோடே 0.3 மில்லிமீட்டர் தடிமன்னா தரையில அது 15 மீட்டர். அதுக்கு மேல 5 மீட்டர் கட்டம் போடுறது மையோட தடிமன அளக்குறதுதான்.

இப்போதைக்கு ராஸ்டர் 25 மீட்டர், கால்வாய் தனி லைன் லேயர், கரை நீளம் நேரா பாலிகன்லேருந்து. அடுத்து மடைங்கள பாயிண்டா வைக்கணும், ஷீட்ட வச்சு ஒண்ணும் புடிபடல, ஜிபிஎஸ்ஸோட கரையில நடந்துதான் பாக்கணும் போல.