பதினாறு பேர் வந்தால் மணி அடிக்குமா?

அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் ‘என்ன தொந்தரவு?’ என்ற கேள்விக்குச் சொல்லும் பதில், அவருடைய வயது, அஞ்சல் குறியீட்டோடு எச்எல்7 (மருத்துவமனைக் கணினிகள் தகவல் பரிமாறும் பொது வடிவம்) செய்தியாகச் சுகாதாரத் துறைக்குப் போய்விடுகிறது, பெரும்பாலும் ஒரு நாளுக்குள். நோய் பரவத் தொடங்கினால் சீக்கிரம் தெரிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆய்வக முடிவு வர நாளாகும், அதற்குக் காத்திருக்க முடியாது. எசென்ஸ் போன்ற மென்பொருள் அந்தப் பதில்களைக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வகை பிரித்து எண்ணுகிறது.

எண்ணுவது எளிது. எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகமா என்பதில்தான் சிக்கல். அதைக் கண்டுபிடிக்கும் சி2 என்ற முறையைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தில் வயிற்றுப்போக்கோடு வந்தவர்கள் பத்து நாளாக இப்படி: 10, 12, 9, 11, 13, 10, 12, 14, 15, 16. கடைசி 16 இன்றையது. அதற்கு முந்தைய இரண்டு நாளை ஒதுக்கிவிட்டு முதல் ஏழை எடுத்தால் சராசரி 11, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்ற அளவு) 1.41. சராசரியோடு மூன்று மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் 15.2. பதினாறு அந்த எல்லையைத் தாண்டுவதால் மணி அடிக்கும், அதாவது மென்பொருள் எச்சரிக்கும்.

ஒதுக்காமல் நேற்று வரையிலான ஏழு நாளை எடுத்தால் (இது சி1) சராசரி 12, விலக்கம் 2.16, எல்லை 18.5. அதே பதினாறுக்குச் சத்தமே வராது. மெல்ல ஏறும் நோய் தன் ஏற்றத்தையே வழக்கமாக்கிக்கொள்கிறது.

மணி பொய்யாக அடிக்கக் காரணங்கள் ஏராளம். ஒரே வருகைக்குப் பதிவு, திருத்தம், வெளியேற்றம் என்று பல செய்திகள் வரும். மருத்துவமனை, வருகை எண் இரண்டையும் வைத்து ஒன்றாக்காவிட்டால் ஒருவர் நால்வராவார். ‘டினைஸ் ஃபீவர்’, அதாவது காய்ச்சல் இல்லை என்கிறார் என்று செவிலியர் எழுதியதை, ஃபீவர் என்ற சொல்லை மட்டும் தேடும் நிரல் காய்ச்சலாக எண்ணிவிடும். சனி, ஞாயிறு வருகையின் போக்கே வேறு என்பதால் டபிள்யூ2 முறை வாரநாட்களைத் தனியாகக் கணக்கிடுகிறது.

மணி அடித்ததும் யாரும் அறிக்கை விடுவதில்லை. நோயாளிப் பட்டியலைத் திறந்து, வயதும் அஞ்சல் குறியீடும் ஒரே இடத்தில் குவிகிறதா என்று பார்த்து, மருத்துவமனைக்கு போன் போடுவார்கள்.

பொய் மணியைவிட மோசம், மணி அடிக்காத கோளாறு. ஒரு மருத்துவமனையின் இணைப்பு அறுந்தால் எண்ணிக்கை குறையும், திரை அமைதியாக இருக்கும். அதனால் நோயை எண்ணுவதற்கு முன், ஒவ்வொரு மருத்துவமனையும் நேற்று மொத்தம் எத்தனை வருகை அனுப்பியது என்பதைத் தினமும் பார்த்தாக வேண்டும்.