இழுத்துக்கொண்டிருந்த எஸ்எஸ்டி மறுபடி வேகமெடுத்தது

ஹட்டன் டவுனில் போட்டோகொப்பி, டைப்பிங், படம் பிரிண்ட் பண்ணும் கடை வைத்திருக்கிறேன். கடைக் கொம்பியூட்டரில் இருப்பது 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் ஃபைல்களைச் சேமிக்கும் டிரைவ். மூன்று வருடம் நன்றாக ஓடியது, பிறகு இழுக்கத் தொடங்கியது. பெரிய ஃபைலைக் கொப்பி பண்ணினால் ஆரம்பத்தில் பறக்கும், கொஞ்ச நேரத்தில் பழைய பென் டிரைவ் வேகத்துக்கு இறங்கிவிடும். "அண்ணே, இது முடிஞ்சிருச்சு, புதுசு போட்டுருவோம்" என்றான் கடையில் நிற்கும் தம்பி.

எனக்கு மனசு வரவில்லை. டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற சொஃப்ட்வெயாரைப் போட்டுப் பார்த்தேன். உடல்நிலை 'குட்'. இதுவரை எழுதியது 21 டிபி (டெராபைட், ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ஜிபி), கம்பெனி உத்தரவாதம் தரும் அளவு 80 டிபி. இந்தக் கணக்கில் இன்னும் எட்டு வருடம் ஓடலாம். ஆக, டிரைவ் தேயவில்லை, மூச்சுத்தான் முட்டுகிறது.

சி டிரைவில் 9 ஜிபிதான் மிச்சம். எஸ்எஸ்டியில் எழுதுவது 'பேஜ்' எனும் சிறு சிறு பகுதிகளாக. அழிப்பதோ பல பேஜ் சேர்ந்த பிளாக்காக. இடமில்லாவிட்டால், பிளாக்கில் மிஞ்சியிருக்கும் நல்ல டேட்டாவை வேறெங்காவது நகர்த்திவிட்டுத்தான் அதை அழிக்க முடியும். நாம் ஒருமுறை எழுத, அது உள்ளே பலமுறை எழுதும். வேகமும் போகும், ஆயுளும் போகும். கல்யாண வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினேன். இப்போது ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் காலியாகவே விடுகிறேன்.

அடுத்தது ட்ரிம். அழித்த ஃபைல்களின் இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிரைவுக்குச் சொல்லும் கட்டளை அது. 'ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' திறந்தால், வாரம் ஒருமுறை தானாக ஓட வேண்டிய வேலை நிறுத்தப்பட்டிருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் சிதறிக் கிடக்கும் ஃபைல் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் டிஃப்ராக் சொஃப்ட்வெயார் ஒன்றையும் தனியாக போட்டுவிட்டிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கில் போல, துண்டுகளைத் தேடி ஓடும் ஊசி எஸ்எஸ்டியில் கிடையாது. துண்டுகளை வரிசையாக அடுக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை, வீணாக எழுதுவதுதான் மிச்சம். அதைத் தூக்கிவிட்டு வாராந்த வேலையை ஆன் செய்து, 'ஆப்டிமைஸ்' அழுத்தினேன். மறுநாள் அதே ஃபைலைக் கொப்பி பண்ணியபோது வேகம் கடைசிவரை இறங்கவில்லை. தம்பி இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொன்னான்.

கடைசியாக ஃபர்ம்வெயார் அப்டேட், அதாவது டிரைவுக்குள்ளேயே இருக்கும் சொஃப்ட்வெயாரைப் புதுப்பிப்பது. அதற்கு முன் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன். காலையிலேயே முடித்துக்கொண்டேன். ஒக்டோபர், நவம்பரில் நம்ம பக்கம் மத்தியானம் தாண்டினால் இடி மின்னல், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால், எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்று டிரைவ் வைத்திருக்கும் அட்டவணையே குழம்பலாம். மலிவான டிரைவ்களில் இதற்குப் பாதுகாப்பு குறைவு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை பவர் கட் பார்த்தவர்கள் நாம். புது எஸ்எஸ்டிக்கு ஒதுக்க நினைத்த காசில், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பட்டரியில் ஓட்டும் யூபிஎஸ் வாங்கினேன். கரண்ட் போனதும் அது கத்தும், தம்பி வேலையைச் சேவ் பண்ணி முறையாக ஷட் டவுன் செய்வான்.